பழைய கிரேக்க நகர அரசுகளில் ஆட்சியும் தெய்வமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸ் ஜனநாயகம் ஒரு பாடம், ஒலிம்பஸ் மலைத் தெய்வங்களின் கதை இன்னொரு பாடம் என்றுதான் நம்மில் பலர் படித்திருக்கிறோம். அந்தக் காலத்து ஏதென்ஸ்காரரிடம் இந்தப் பிரிவினையைச் சொல்லியிருந்தால் அவருக்கு விளங்கியிருக்காது. கோயில் கணக்கும் கப்பற்படைக் கணக்கும் ஒரே கூட்டத்தில், கை தூக்கி முடிவான ஊர் அது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் கி.மு. 5, 4-ஆம் நூற்றாண்டுகளைப் பற்றியவை. ஏதென்ஸுக்குத்தான் சான்றுகள் மிகுதி என்பதால் அதன் பேச்சு அதிகம் இருக்கும்.

நகர அரசு என்பது என்ன? மொத்தம் எத்தனை இருந்தன?

ஓர் ஊர், அதைச் சுற்றிய வயலும் மலையும் மேய்ச்சல் நிலமும், அங்கே பரம்பரையாக வாழும் குடிகள்: இவ்வளவும் சேர்ந்தால் ஒரு நாடு. கருங்கடல் கரையிலிருந்து சிசிலி, லிபியா, இன்றைய பிரான்சின் தென்கரை வரை இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடுகள் இருந்தன. ஏதென்ஸுக்குச் சொந்தமான ஆட்டிகா ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டர். அன்றைய கணக்கில் அது பெரிய நாடு. மற்றப் பலவற்றில் காலையில் சந்தையிலிருந்து புறப்பட்டால் மாலைக்குள் நடந்தே எல்லையைத் தொட்டுவிடலாம்.

மொழி ஒன்று, தெய்வங்களும் பெரும்பாலும் ஒன்று. ஆனால் சட்டம், நாணயம், நாட்காட்டி, ஊரைக் காக்கும் தெய்வம் எல்லாம் தனித்தனி. ஏதென்ஸுக்கு அதீனா, ஆர்கோஸுக்கும் சாமோஸ் தீவுக்கும் ஹீரா. மாதங்களின் பெயர்கூட ஊருக்கு ஊர் மாறும், ஏனென்றால் அவற்றில் பல அந்தந்த ஊர்த் திருவிழாக்களின் பெயரால் அமைந்தவை.

எல்லா ஊரிலும் ஜனநாயகமா நடந்தது?

இல்லை. சில இடங்களில் பணக்காரக் குடும்பங்கள் சில சேர்ந்து ஆண்டன. கொரிந்த் நகரை பாக்கியாடுகள் என்ற ஒரே குலம் கைக்குள் வைத்திருந்தது, கி.மு. 657 வாக்கில் கிப்செலஸ் அவர்களைத் துரத்திவிட்டுத் தனியாளாக ஆட்சியைப் பிடித்தார். இப்படிப் பரம்பரை உரிமை இல்லாமல் ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் எல்லோரும் கொடுங்கோலர்கள் அல்லர். சிலர் ஏழைகளின் ஆதரவோடு வந்தவர்கள்.

ஏதென்ஸிலும் கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பெய்சிஸ்ட்ராட்டஸ் அப்படி ஆண்டார். ஒருமுறை விரட்டப்பட்டவர் திரும்பி வந்த விதத்தை வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஃபியே என்ற ஒரு பெண். நான்கு முழத்துக்கு மூன்று விரற்கடைதான் குறைவான உயரம், நல்ல அழகு. அவளுக்குக் கவசம் பூட்டி, தேரில் நிறுத்தி, எப்படி நிற்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்து ஊருக்குள் ஓட்டிவந்தார்கள். முன்னால் ஓடியவர்கள், அதீனாவே பெய்சிஸ்ட்ராட்டஸைத் தன் கோட்டைக்கு அழைத்து வருகிறாள் என்று கூவினார்கள். ஊர் மக்கள் கும்பிட்டு வரவேற்றார்கள். கிரேக்கரிலேயே புத்திசாலிகள் என்று பெயரெடுத்தவர்களிடம் இந்த அசட்டு நாடகம் எடுபட்டதே என்று ஹெரோடோட்டஸுக்குப் பொறுக்கவில்லை. எனக்கென்னவோ, கும்பிட்டவர்களில் பாதிப்பேர் விஷயம் தெரிந்தே கும்பிட்டிருப்பார்கள் என்று தோன்றுகிறது. திருவிழாவில் தெய்வ வேடம் கட்டியவரைக் கும்பிடுகிற எவருக்கும் அந்த மனநிலை புதிதல்ல.

ஏதென்ஸ் ஜனநாயகம் உண்மையில் எப்படி இயங்கியது?

கி.மு. 508-இல் கிளைஸ்தனீஸ் செய்த மாற்றம்தான் அடித்தளம். பழைய குலப் பிரிவுகளை ஓரங்கட்டி, குடிமக்களைப் பத்துப் புதிய பிரிவுகளாகப் பிரித்தார். கடற்கரை, உள்நாடு, நகரம் ஆகிய மூன்று வட்டாரத்து ஆட்களும் ஒவ்வொரு பிரிவிலும் கலந்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பழங்கால வீரர் ஒருவரின் பெயர் வேண்டும். நூறு பெயர்களை டெல்பிக்கு அனுப்பினார்கள். அப்பல்லோவின் அருள்வாக்கு சொல்பவள் அதில் பத்தைத் தேர்ந்து கொடுத்தாள். முழுக்க முழுக்க அரசியல் கணக்கில் போட்ட திட்டம், தெய்வத்தின் ஒப்புதலோடு நடைமுறைக்கு வந்தது.

பிரிவுக்கு 50 பேர் வீதம் ஐந்நூற்றுவர் அவை. ஆண்டுதோறும் குலுக்கலில் தேர்வு. ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் உட்கார முடியாது. ஆண்டைப் பத்தாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் ஒரு பிரிவின் 50 பேர் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்தார்கள். அந்த ஐம்பதில் ஒருவர், அதுவும் குலுக்கலில், ஒரே ஓர் இரவும் பகலும் தலைவர். அரசு முத்திரையும், பணமும் ஆவணங்களும் இருந்த கோயில்களின் சாவிகளும் அந்த ஒரு நாள் அவர் கையில். மறுநாள் வேறொருவர். நேற்றுவரை ஆலிவ் தோப்பில் வேலை செய்தவர் இன்று நாட்டின் கஜானா சாவியோடு உட்கார்ந்திருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேல் மக்கள் அவை. ப்னிக்ஸ் குன்றில் கூடும், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஆண்டுக்கு 40 கூட்டங்கள். கூட்டம் தொடங்குமுன் பன்றிக்குட்டிகளைப் பலியிட்டு, இடத்தைச் சுற்றி எடுத்துச் சென்று தீட்டுக் கழிப்பார்கள். மக்களை ஏமாற்றிப் பேசுபவன் நாசமாகப் போகட்டும் என்று அறிவிப்பாளர் உரக்கச் சாபமிடுவார். அதன் பிறகுதான் பேச்சு.

பதவிகளுக்கு ஏன் குலுக்கல்? தெய்வம் தேர்ந்தெடுக்கும் என்ற நம்பிக்கையா?

பூசாரிப் பதவிக்குக் குலுக்கல் போட்டபோது அந்த எண்ணம் இருந்தது. பிளேட்டோவும் அப்படித்தான் சொல்கிறார். அரசுப் பதவிகளுக்குக் காரணம் வேறு. தேர்தல் என்றால் பணமும் பேச்சுத் திறமையும் குடும்பப் பெருமையும் உள்ளவர்கள்தான் வெல்வார்கள். குலுக்கலில் அது நடக்காது. திறமை இல்லாமல் முடியாத வேலைக்கு அவர்கள் குலுக்கல் போடவில்லை: படைத்தலைவர்கள் பத்துப் பேரும் தேர்தலில் வந்தவர்கள், மீண்டும் மீண்டும் நிற்கவும் முடியும். பெரிக்ளீஸ் அப்படித்தான் ஆண்டாண்டாக நிலைத்தார்.

நீதிமன்றத்தில் குலுக்கலின் உச்சத்தைப் பார்க்கலாம். ஆண்டுக்கு 6,000 நடுவர்கள், 30 வயது தாண்டியவர்கள். ஆள் உயரக் கல் பலகையில் வரிசை வரிசையாகத் துளைகள். ஒவ்வொருவரின் பெயர் பொறித்த சிறு தகட்டை அதில் செருகுவார்கள். பக்கத்தில் ஒரு குழாய். அதன் வழியே வெள்ளையும் கறுப்புமாகக் குண்டுகள் ஒவ்வொன்றாக விழும். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுவதும் இன்று நடுவர்கள். கறுப்பு விழுந்தால் வீட்டுக்குப் போகலாம். எந்த வழக்குக்கு யார் என்று அன்று காலைவரை யாருக்கும் தெரியாது என்பதால், யாருக்கு லஞ்சம் கொடுப்பது? இந்தக் கல் பொறியின் உடைந்த துண்டு ஒன்றை ஏதென்ஸின் அகோரா அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

பதவி ஏற்குமுன் தகுதித் தேர்வு ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் திறமையைச் சோதிக்கும் தேர்வல்ல. ஆர்க்கோன் என்ற ஒன்பது உயர் அதிகாரிகளில் ஒருவராகக் குலுக்கலில் வந்தவரிடம் இப்படிக் கேட்டார்கள்: உன் தந்தை யார், எந்த ஊர்? தாத்தா யார்? தாய் யார், தாயின் தந்தை யார்? உன் குலத்துக்கு அப்பல்லோ வழிபாடும், வீட்டு முற்றத்தில் ஜீயஸ் வழிபாடும் உண்டா, அந்த இடங்கள் எங்கே? குடும்பக் கல்லறை எங்கே? பெற்றோரை ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறாயா? வரி கட்டுகிறாயா? போருக்குப் போனாயா?

பதில்களுக்குச் சாட்சி வேண்டும். கேள்விகளைக் கவனித்தால் தெரியும்: தெய்வத்தை நம்புகிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தெய்வத்துக்கு எங்கே கும்பிடுகிறாய் என்றுதான் கேட்டார்கள். குடியுரிமைக்கு அத்தாட்சி அந்தப் பலிபீடம்தான்.

அவர்களுக்கு வேதநூல் இருந்ததா?

இல்லை. நம்பியே ஆக வேண்டிய கோட்பாடு என்றும் எதுவும் இல்லை. ஹோமரும் ஹீசியடும் பாடிய கதைகள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவை கவிதைகள், கட்டளைகள் அல்ல. முன்னோர் செய்தபடி செய்வதுதான் பக்தி.

அப்படியானால் வழிபாடு எப்படி நடந்தது?

பலிதான் மையம். பலிபீடம் கோயிலுக்கு வெளியே, திறந்த வெளியில் இருக்கும். உள்ளே தெய்வச் சிலை. அது தெய்வத்தின் வீடு, கூட்டம் கூடித் தொழும் மண்டபம் அல்ல. ஆடோ மாடோ பன்றியோ அறுத்து, தொடை எலும்புகளைக் கொழுப்பில் சுற்றித் தீயிலிடுவார்கள். புகை தெய்வத்துக்கு. ஈரலும் இதயமும் உடனே சுட்டு அருகில் நிற்பவர்களுக்கு. மற்ற இறைச்சி பங்கு போடப்படும். தெய்வத்துக்கு எலும்பும் மனிதருக்குக் கறியும் என்ற இந்தச் சந்தேகத்துக்குரிய பாகப்பிரிவினைக்குக் கிரேக்கர்களே ஒரு கதை வைத்திருந்தார்கள்: ப்ரொமித்தியஸ் ஜீயஸை ஏமாற்றிய கதை.

ஏழைக் குடிமகனுக்கு மாட்டிறைச்சி கிடைக்கும் நாள் பெரும்பாலும் திருவிழா நாள்தான். ஏதென்ஸில் அதீனாவின் பெருவிழாவுக்கு நெய்த புது ஆடையை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாத்துவார்கள். அன்று அறுபடும் மாடுகளின் இறைச்சி ஊர் மக்களுக்குப் பங்கிடப்படும். செலவு அரசுக் கணக்கில்.

பூசாரிகளுக்கு ஆட்சியில் செல்வாக்கு இருந்ததா?

பூசாரிகள் என்று ஓர் அதிகார வர்க்கமே உருவாகவில்லை. ஏதென்ஸின் கோட்டைக் குன்றான அக்ரோபொலிஸில் அதீனாவின் பெண் பூசாரிப் பதவி ஒரு பழங்குடும்பத்தின் பரம்பரைச் சொத்து. ஆனால் வெற்றித் தெய்வமான அதீனா நீக்கேயின் கோயிலுக்கு, ஏதென்ஸ் பெண்கள் எல்லோரிலிருந்தும் ஒருவரைத் தேர்ந்தெடுக்க மக்கள் அவை தீர்மானம் போட்டது. அந்தக் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. சம்பளம் ஆண்டுக்கு 50 டிராக்மா. அதோடு ஊர்ப் பலிகளின் கால்களும் தோல்களும் அவளுக்கு. பூசாரி என்பவர் அரசு நியமித்த ஆள், பதவிக்காலத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சின்ன ஆசியாவின், அதாவது இன்றைய துருக்கியின், சில கிரேக்க நகரங்களில் பூசாரிப் பதவியை ஏலத்திலேயே விற்றார்கள்.

ஆர்க்கோன்களில் ஒருவருக்கு ‘அரசர்’ என்று பெயர். மன்னராட்சி போய்ப் பல தலைமுறை ஆகியும், தெய்வங்களுக்குப் பழகிய பெயர் என்று விட்டுவைத்தார்கள் போலும். பழைய பலிகள், தெய்வ நிந்தனை வழக்குகள், கொலை வழக்குகள் இவரிடம் வரும். கொலை என்பது ஊருக்கே தீட்டு. இவருடைய மனைவிக்கும் ஒரு கடமை உண்டு: ஆண்டுக்கொருமுறை வசந்தகாலத் திருவிழாவில் டயோனிசஸ் தெய்வத்துக்கு மணமகளாக வேண்டும்.

கோயில் பணத்தை அரசு எடுத்துக்கொண்டதா?

கடனாக எடுத்துக்கொண்டது, வட்டியோடு. கி.மு. 447 முதல் 432 வரை கட்டிய பார்த்தினன் கோயில் வழிபாட்டு இடம் என்பதைவிடப் பெட்டகம் என்பதே பொருத்தம். கூட்டணி நாடுகள் கட்டிய கப்பத்தில் அறுபதில் ஒரு பங்கு அதீனாவுக்கு. அந்தக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சிற்பி ஃபிடியாஸ் அங்கே செய்த அதீனா சிலையின் மேல் 40 தாலந்து தங்கம், அதாவது ஏறத்தாழ ஒரு டன். கழற்றி எடுக்கும்படி செய்யப்பட்டது அது. போர் வந்தால் அதையும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் பிறகு குறையாமல் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று பெரிக்ளீஸ் அவையிலேயே சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதுகிறார். ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலொப்பொனீசியப் போரில் அதீனாவிடமும் மற்றத் தெய்வங்களிடமும் வாங்கிய கடனுக்கு வட்டிக் கணக்கெழுதிய கல்வெட்டு இருக்கிறது. கடன் கொடுப்பதும் ஊர், வாங்குவதும் ஊர், ஆனாலும் வட்டியைப் பைசா சுத்தமாக எழுதி வைத்தார்கள். தெய்வத்தின் சொத்து வேறு என்பதில் அவ்வளவு கண்டிப்பு.

ஸ்பார்ட்டாவில் நிலைமை என்ன?

ஒரே நேரத்தில் இரண்டு மன்னர்கள், இரண்டு குலத்திலிருந்து. அவர்களோடு 60 வயது தாண்டிய 28 முதியோர் கொண்ட அவை, ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் எஃபோர்கள் என்ற ஐந்து உயர் அதிகாரிகள். முதியோர் அவைக்குத் தேர்தல் வேடிக்கையானது: வேட்பாளர்கள் ஒவ்வொருவராக நடந்து போக மக்கள் கூச்சலிடுவார்கள், ஒரு வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் நடுவர்கள் யாருக்குச் சத்தம் அதிகம் என்று குறித்துக்கொள்வார்கள். இது சிறுபிள்ளைத்தனம் என்று அரிஸ்டாட்டில் முகம் சுளித்தார்.

மன்னர்கள் இருவரும் ஜீயஸின் பூசாரிகளும்கூட. பலியிட்ட விலங்குகளின் தோல் அவர்களுக்கு, ஊர் விருந்தில் இரட்டைப் பங்கு. ஆனால் அந்தத் தெய்வத் தொடர்பே அவர்களுக்குக் கடிவாளமாகவும் ஆனது. ஒன்பது ஆண்டுக்கொருமுறை, நிலா இல்லாத தெளிந்த இரவில் எஃபோர்கள் வானத்தைப் பார்த்து உட்காருவார்கள். எரிநட்சத்திரம் விழுந்தால் மன்னர் தெய்வக் குற்றம் செய்துவிட்டார் என்று பொருள். டெல்பியிலிருந்தோ ஒலிம்பியாவிலிருந்தோ வாக்கு வரும்வரை பதவி நிறுத்திவைக்கப்படும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெலட் என்ற அடிமைக் குடிகள்மேல் எஃபோர்கள் ஆண்டுதோறும் பதவியேற்றதும் முறையாகப் போர் அறிவிப்பார்கள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் புளூட்டார்க் எழுதுகிறார். அவர்களைக் கொன்றால் தீட்டு ஒட்டக்கூடாது என்பதற்காக. பக்தியையும் கொடுமையையும் ஒரே சட்டத்தில் அடக்கிய இதைப் போல் இன்னொன்றை நான் படித்ததில்லை.

டெல்பி அருள்வாக்கு சொன்னபடி நாடுகள் ஆடினவா?

கேட்டன, ஆனால் பொருள் சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. கி.மு. 480-இல் பாரசீகப் படை வந்துகொண்டிருந்தபோது, மரச்சுவர் மட்டும் அழியாது நிற்கும் என்று ஏதென்ஸுக்கு வாக்கு வந்தது. அக்ரோபொலிஸைச் சுற்றிய பழைய முள்வேலி என்றார்கள் சிலர். கப்பல்கள்தான் மரச்சுவர் என்றார் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளீஸ். மக்கள் அவை விவாதித்து அவர் பக்கம் சாய்ந்தது. சலாமிஸ் கடற்போரில் வென்றது. குறி சொல்பவர்கள் சொன்ன விளக்கத்தை அந்த அவை தள்ளிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கி.மு. 352-இல் நடந்தது இன்னும் சுவையானது. ஆட்டிகாவின் எலூசிஸ் என்ற ஊர் அருகே தெய்வத்துக்கென விட்ட நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா என்று ஏதென்ஸுக்கு ஐயம். ஒரே மாதிரி இரண்டு வெள்ளீயத் தகடுகளில், ஒன்றில் குத்தகைக்கு விடலாம் என்றும் மற்றதில் தரிசாக விடுவது நல்லது என்றும் எழுதினார்கள். சுருட்டி, கம்பளியில் சுற்றி, வெண்கலக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒன்றைத் தங்கக் குடத்திலும் மற்றதை வெள்ளிக் குடத்திலும் இட்டு முத்திரை வைத்தார்கள். பிறகு டெல்பிக்கு ஆள் போய் அப்பல்லோவிடம் கேட்டது ஒன்றே: தங்கமா, வெள்ளியா? கேள்வி என்னவென்று அருள்வாக்குச் சொல்பவளுக்கும் தெரியாது, எது எதில் என்று ஊரில் எவருக்கும் தெரியாது. தெய்வத்தின்மேல் முழு நம்பிக்கை. நடுவில் இருக்கும் மனிதர்மேல் துளியும் இல்லை. அந்த அவநம்பிக்கைக்கு முன்கதை உண்டு: கி.மு. 491 வாக்கில் ஸ்பார்ட்டா மன்னர் கிளியோமினீஸ், தன் சக மன்னரைக் கவிழ்க்க டெல்பியில் ஆள் பிடித்து வாக்கையே வாங்கியது பிறகு வெளியே வந்தது. நிலத்தைப் பற்றிய பதில்? தரிசாகவே விடு என்றாராம் அப்பல்லோ.

சகுனம் பார்த்துக் கெட்டவர்கள் உண்டா?

ஏதென்ஸ் படைத்தலைவர் நிக்கியாஸ். கி.மு. 413 ஆகஸ்ட் 27, சிசிலியின் சிராக்யூஸில் சிக்கிய ஏதென்ஸ் படை தப்பிக் கிளம்பும் நேரத்தில் சந்திர கிரகணம். மூன்று ஒன்பது நாள் பொறுக்க வேண்டும் என்றார்கள் குறி சொல்பவர்கள். படைத்தலைவர் பொறுத்தார். அதற்குள் எதிரி துறைமுக வாயை அடைத்துவிட்டான். படை முழுவதும் அழிந்தது. மறுபுறம், கி.மு. 490-இல் பாரசீகரை எதிர்க்க மாரத்தானுக்கு ஏதென்ஸ் உதவி கேட்டபோது, பௌர்ணமிக்கு முன் படை புறப்படக்கூடாது என்று நின்ற ஸ்பார்ட்டா போர் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. கெட்டது அவர்கள் அல்லர். பெயர் மட்டும் போயிற்று.

தெய்வத்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேச முடிந்ததென்றால், சாக்ரடீஸை ஏன் கொன்றார்கள்?

நாடக மேடையில் டயோனிசஸைக் கோழையாகக் காட்டிச் சிரிக்கலாம், அதுவும் அவருடைய திருவிழாவிலேயே. ஆனால் சடங்கில் கைவைத்தால் ஊரே எழும். கி.மு. 415-இல் சிசிலிக்குக் கப்பற்படை புறப்படும் சமயத்தில், வீட்டு வாசல்களிலும் தெருக்களிலும் நின்ற ஹெர்மிஸ் தெய்வத்தின் கல்தூண்களின் முகங்களை ஒரே இரவில் யாரோ சிதைத்தார்கள். ஜனநாயகத்தைக் கவிழ்க்கச் சதி என்று பீதி. எலூசிஸ் மறைச் சடங்குகளை வீட்டு விருந்தில் கேலியாக நடித்தார் என்று அந்தப் படையின் தலைவர்களில் ஒருவரான அல்சிபயடீஸ்மேலும் வழக்கு. அவர் ஸ்பார்ட்டாவுக்கு ஓடினார். சொத்துகள் ஏலம் போயின. பூசாரிகள் எல்லோரும் அவரைச் சபிக்க வேண்டும் என்று தீர்மானம். தியானோ என்ற பெண் பூசாரி மட்டும், வேண்டிக்கொள்வதே தன் வேலை, சபிப்பது அல்ல என்று மறுத்ததாகச் சொல்வார்கள். எட்டு ஆண்டு கழித்து அல்சிபயடீஸே வெற்றி வீரராகத் திரும்பியபோது, சாபத்தைத் திரும்பப் பெறும்படி அதே மக்கள் அவை பூசாரிகளுக்கு உத்தரவிட்டது.

சாக்ரடீஸ்மேல் கி.மு. 399-இல் வந்த குற்றச்சாட்டு: ஊர் ஏற்றுக்கொண்ட தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வ சக்திகளைக் கொண்டுவருகிறார், இளைஞரைக் கெடுக்கிறார். வழக்கு ‘அரசர்’ ஆர்க்கோனிடம் பதிவானது. அப்போது சாக்ரடீஸுக்கு 70 வயது. ஐந்து ஆண்டு முன்புதான் ஏதென்ஸ் போரில் தோற்று, முப்பதின்மர் கொடுங்கோலாட்சியில் ரத்தம் சிந்தியிருந்தது. அந்த முப்பதின்மரில் முக்கியமான கிரிட்டியாஸ் சாக்ரடீஸோடு பழகியவர். அல்சிபயடீஸும் அப்படியே. பொதுமன்னிப்பு நடைமுறையில் இருந்ததால் அரசியல் குற்றம் சாட்ட வழியில்லை. ஆகவே தெய்வத்தின் பெயரில் வந்தது வெறும் சாக்கு என்பார் பலர். என்னால் முழுக்க ஒப்ப முடியவில்லை. தோற்ற ஊர் தெய்வம் கோபித்துவிட்டதோ என்று மெய்யாகவே பயந்திருக்கும். இன்னும் 30 வாக்குகள் மாறியிருந்தால் விடுதலை ஆகியிருப்பேன் என்று சாக்ரடீஸ் சொன்னதாகப் பிளேட்டோ எழுதுகிறார். அவ்வளவு நெருக்கத்தில் ஊர் இரண்டுபட்டிருந்தது.

பெண்கள், அடிமைகள், வெளியூர்க்காரர்கள்?

அவையில் ஒருவருக்கும் இடமில்லை. குடிமக்கள் என்றால் வயதுவந்த ஆண்கள், கி.மு. 451-க்குப் பின் தாய் தந்தை இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து தங்கிய ஆண் ஆண்டுக்கு 12 டிராக்மா வரி கட்ட வேண்டும். ஆனால் கோயில் பக்கம் போனால் காட்சி மாறும். அரசியலில் வாய் திறக்க முடியாத பெண், பூசாரியாக ஊர் சார்பில் பலி நடத்தினாள்; தெஸ்மொபோரியா விழாவில் ஆண்களுக்கு அனுமதியே இல்லை. எலூசிஸ் மறைச் சடங்குகளில் கிரேக்க மொழி தெரிந்த, கொலைத் தீட்டு இல்லாத எவரும் தீட்சை பெறலாம், அடிமை உட்பட.

இதெல்லாம் எப்போது முடிந்தது?

கி.மு. 338-இல் கைரோனியா போரில் மாசிடோனியாவின் பிலிப் வென்றதும் நகரங்களின் தன்னாட்சிக்கு அடி விழுந்தது. 322-இல் ஏதென்ஸ் ஜனநாயகத்தை மாசிடோனியர்கள் கலைத்தார்கள். 307-இல் டிமீட்ரியஸ் என்ற மாசிடோனிய இளவரசர் வந்து அதைத் திருப்பிக் கொடுத்தார். நன்றிக்கடனாக மக்கள் அவை அவருக்கும் அவருடைய தந்தைக்கும் காக்கும் தெய்வங்கள் என்று பட்டம் சூட்டியது. பலிபீடம், பூசாரி, அவர்கள் பெயரில் இரண்டு புதிய பிரிவுகள் எல்லாம் ஏற்பட்டன. சில ஆண்டில் டிமீட்ரியஸ் பார்த்தினனின் பின்கட்டிலேயே தம் பரிவாரத்தோடு குடியேறினார். மனிதனைத் தெய்வமாக்கிய அந்தத் தீர்மானமும் வழக்கம்போல் அவையில் முறையாக முன்மொழிந்து நிறைவேற்றியதுதான்.

வழிபாடு மட்டும் உரோம ஆட்சியிலும் நூற்றாண்டுக் கணக்கில் தொடர்ந்தது. கி.பி. 391, 392-இல் பேரரசர் தியோடோசியஸ் பலியையும் கோயில் வழிபாட்டையும் தடைசெய்தார்.